355 கிலோமீட்டர் எவ்வளவு தூரம்?

இன்னைக்கு எபிசோடை ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கிறேன். சென்னை ஏர்போர்ட்டுக்குக் கிட்ட இருக்கிறது மதுரை ஏர்போர்ட்டா, யாழ்ப்பாணம் ஏர்போர்ட்டா?

நானும் மதுரைன்னுதான் நினைச்சேன். மேப்ல நேர்கோடு போட்டுப் பார்த்தா, மதுரை சுமார் 415 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தின் பலாலி ஏர்போர்ட் சுமார் 355தான்! கிட்டத்தட்ட நேர் தெற்கே.

இந்த வழியில பறக்கிற ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்துல போகும். அப்போ 45 நிமிஷம் போதுமே? ஆனா டிக்கெட்ல ஒரு மணி நேரத்துக்கு மேலதான் போட்டிருக்கும். ஓடுபாதை வரைக்கும் ஊர்ந்து போறது, மேலே ஏறுறது, இறங்குறது எல்லாமே அந்தக் கணக்குல சேரும். குட்டிப் பயணத்துல இந்த நேரம்தான் பெரிய பங்கு.

இப்போ வரலாற்றுக்கு வருவோம். பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. 1947 டிசம்பர் 10-ஆம் தேதி ஏர் சிலோன் தன்னோட முதல் சேவையைத் தொடங்குச்சு. எந்த வழி தெரியுமா? கொழும்பு ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை, அங்கிருந்து மெட்ராஸ். காங்கேசன்துறைன்னு அவங்க சொன்னது இந்தப் பலாலியைத்தான். இலங்கை சுதந்திரம் வாங்குறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே இந்த வழி இருந்தது.

அப்புறம் போர் வந்தது. பலாலி ராணுவத் தளமாச்சு, மெட்ராஸ் விமானம் நின்னு போச்சு. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருத்தர் சென்னைக்கு வரணும்னா, முதல்ல தெற்கே 400 கிலோமீட்டர் கொழும்புக்குப் போகணும். அங்கிருந்து 640 கிலோமீட்டர் வடக்கே பறக்கணும். தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற கதை. 355 கிலோமீட்டர், ஆயிரத்துக்கு மேல ஆயிடுச்சு. அந்தத் தெற்குப் பயணமும் சுலபமில்லை. ஏ9 சாலை வருஷக்கணக்கா மூடிக் கிடந்தது. 1998 செப்டம்பர் 29 அன்னைக்குப் பலாலியிலிருந்து கிளம்பின லயன் ஏர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டுக் கடலில் விழுந்தது. அதிலிருந்த 55 பேரும் இறந்துட்டாங்க.

போர் 2009-இல் முடிஞ்சது. ஆனா 2019 அக்டோபர் 17-ஆம் தேதிதான் பலாலி சர்வதேச விமான நிலையமா திறந்தது. நவம்பர்ல சென்னைக்கு அலையன்ஸ் ஏர் சேவை தொடங்குச்சு. நாலே மாசத்துல கொரோனா வந்து அதை நிறுத்திடுச்சு. மறுபடி பறந்தது 2022 டிசம்பர்ல.

ஒண்ணு மட்டும் சொல்லாம முடிக்க முடியாது. 1990-இல் பலாலியைச் சுத்தியிருந்த ஊர் ஜனங்க வீட்டை விட்டு ஓட வேண்டியதாச்சு. அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள போயிடுச்சு. போர் முடிஞ்சும் பல குடும்பங்கள் வருஷக்கணக்கா முகாம்லயும் வாடகை வீட்லயும்தான் இருந்தாங்க. அவங்க வீடு அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். ஆனா போக முடியலை.

அதனால அடுத்த தடவை யாராவது ‘இங்கிருந்து எவ்வளவு தூரம்?’னு கேட்டா, கிலோமீட்டரைச் சொல்றதுக்கு முன்னாடி, வழி திறந்திருக்கான்னு பார்த்துக்கோங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.