வித்ரிய்யாவும் இராகமும்

பக்தாதுக் கவிஞர் ஒருவர் 13ஆம் நூற்றாண்டில் யாத்த நபிபுகழ் அரபுக் கஸீதா 'வித்ரிய்யா'. தாமிரபரணிக் கழிமுகத்தை அடுத்த காயல்பட்டினத்தில் 1632இல் பிறந்த சதக்கத்துல்லாஹ் அப்பா, அதன் ஒவ்வோர் ஈரடிக்கும் மூவடி கூட்டி ஐந்தடித் 'தக்மீஸ்' ஆக்கினார்கள். தமிழகத்திலும் இலங்கையிலும் மஜ்லிஸ்களில் அது ஓதப்பட்டு வருகிறது.

இலங்கையிலிருந்து ஓத வந்த மாணவர் ஒருவர், தம் பாட்டனாரின் இராகத்தில் அதை ஓதக் கேட்டேன். சொற்கள் நாமறிந்தவை, இராகமோ நாம் கேளாதது. அச்சு நூல் சொல்லைக் காக்கும். இராகம் உஸ்தாதின் நாவிலிருந்து மாணவரின் செவிக்கே செல்லும்.

பாளையங்கோட்டையில் 1971 முதல் அப்பாவின் பெயரால் ஒரு கல்லூரி விளங்குகிறது. பெயரைப் போற்றும் நாம், ஓதும் முதியோர் மறையுமுன் இவ்விராகங்களைப் பதிவு செய்து வைப்பதும் கடமையன்றோ?