அன்றே வீடு திரும்பலாமா? – வயிற்று உள்நோக்கிச் சிகிச்சையின் வரலாறு

வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி இன்று நம் மக்களுக்குப் பழகிப்போன சொல். காலையில் வெறும் வயிற்றோடு போய், மத்தியானம் வீட்டுக்கு வந்து மோர்சாதம் சாப்பிட்டவர்கள் நம் சங்கத்திலேயே பலர். ஆனால் சிலரை மட்டும், “இன்னிக்கு ராத்திரி இருந்துட்டுப் போங்க” என்று டாக்டர் நிறுத்திவைக்கிறார். நிறுத்தினால் பில்லை ஏற்றுகிறார்களோ என்று சந்தேகம். அனுப்பினால் சரியாகக் கவனிக்காமல் தள்ளிவிட்டார்களோ என்று சந்தேகம். நான் மருத்துவன் அல்லேன். கடை அடைத்த பிறகு புத்தகம் பார்க்கிற வியாபாரி. இந்த ஒரு ராத்திரியின் வரலாறு தெரிந்தால் இரண்டு சந்தேகமும் பாதி தீரும் என்று கருதி இதை எழுதுகிறேன்.

குழாய் வளைந்த கதை

ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரில் குஸ்மௌல் என்ற மருத்துவர் 1868-இல் முதன்முதலாக உயிருள்ள மனிதனின் வயிற்றுக்குள் நேரான உலோகக் குழாயை இறக்கினார். அதற்கு உடன்பட்டவர் யார் தெரியுமா? கத்தி விழுங்கி வித்தை காட்டுபவர்! சாதாரண மனிதர் தாங்கக்கூடியதா அது? உள்ளே வெளிச்சமும் போதவில்லை.

1932-இல் மியூனிக் நகரில் ருடால்ஃப் ஷிண்ட்லர் பாதி வளையும் கருவியைக் கொண்டுவந்தார். அவர் குழாயை இறக்கும்போது நோயாளியின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்வது அவர் மனைவி காப்ரியேல். நாஜிகளின் கொடுமையால் 1934-இல் அமெரிக்காவுக்குப் போய், சிகாகோவில் அந்தக் கலையை வளர்த்தார்.

முழுதும் வளையும் குழாய்க்கு நம் நாட்டவர் ஒருவரின் பங்கும் உண்டு. பஞ்சாபில் மோகா என்ற ஊரில் 1926-இல் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் பேராசிரியர் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைக்கற்றை வழியாக உருவத்தைக் கடத்தலாம் என்று 1954-இல் எழுதினார். அந்தக் கட்டுரையைப் படித்த ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அப்படியொரு குழாயை உருவாக்கி, 1957-இல் முதலில் தம் தொண்டையிலேயே இறக்கிப் பார்த்தார். குழாய் வளைந்ததும் நோயாளியின் அவஸ்தை குறைந்தது. ஆழ்ந்த மயக்கம் தேவையில்லை என்றானது.

தூக்கம் தெளிந்த கதை

குழாய் மட்டும் மாறினால் போதுமா? பழைய தூக்க மருந்தான டயஜிபாம் உடம்பை விட்டு லேசில் போகாது. 1980-களில் மிடசோலம், ப்ரோபோஃபால் ஆகியவை வந்தபின்தான் சிகிச்சை முடிந்து சிறிது நேரத்திலேயே கண் விழித்துப் பேசும் நிலை வந்தது. விழித்தாலும் புத்தி முழுசாகத் தெளிய நேரமாகும். ஆகவேதான் ஒரு நாள் வண்டி ஓட்டக்கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக்கூடாது, துணையில்லாமல் போகக்கூடாது என்கிறார்கள். வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். அன்றைக்குச் செக்கிலும் கையெழுத்து வேண்டாம்!

ராத்திரி யாருக்கு?

வெறுமனே பார்ப்பதும், சிறு சதைத் துணுக்கு எடுப்பதும் அன்றே முடிகிற காரியம். ஆனால் இன்று குழாய் வழியாகவே வைத்தியமும் நடக்கிறது. விழுங்க முடியாதவர்களுக்கு வயிற்றில் உணவுக்குழாய் பொருத்தும் முறை 1980-இல் அமெரிக்காவில் கிளீவ்லாந்து மருத்துவர்களால் வெளியிடப்பட்டது. ஆரம்பநிலைப் புற்றுநோயை வயிற்றின் உள்தோலோடு உரித்தெடுக்கும் முறையை 1990-களில் ஜப்பானியர் வளர்த்தனர். இவற்றில் இரத்தக்கசிவு, ஓட்டை விழுதல் என்ற இரண்டு பயம் உண்டு. உரித்தெடுத்த புண்ணில் கசிவு பெரும்பாலும் முதல் ஓரிரு நாளில் வரும். சிலருக்கு இரண்டு வாரம் கழித்தும் வரலாம். ஆகவே பெரிய புண், இரத்தத்தை இளக்கும் மாத்திரை, தள்ளாத வயது, இருதய நோய், தொலைவிலுள்ள வீடு, தனிமை ஆகியவற்றை எடைபோட்டுத்தான் டாக்டர் ராத்திரி தங்கச் சொல்கிறார்.

அன்றே அனுப்புவது நேற்று வந்த பழக்கம் அல்ல. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் நிக்கோல் என்ற அறுவை மருத்துவர், பத்தாண்டுகளில் 8,988 குழந்தைகளுக்கு அறுவை செய்து அன்றே வீட்டுக்கு அனுப்பியதை 1909-இல் வெளியிட்டார். குழந்தைக்குத் தாயின் மடியே நல்ல படுக்கை என்பது அவர் கருத்து. ஆனால் சும்மா அனுப்பிவிடவில்லை. வீடு தேடிப் போய்ப் பார்க்கச் செவிலியர்களை ஏற்பாடு செய்தார்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு கணக்கில் குறைந்த பற்று இன்னொரு கணக்கில் ஏறும் என்பது பேரேடு எழுதும் எவருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் குறைந்த அந்த ராத்திரி எங்கும் மறைந்துவிடவில்லை. வீட்டுக் கணக்கில் ஏறியிருக்கிறது. அன்று நர்ஸ் பார்த்ததை இன்று வீட்டார் பார்க்க வேண்டும். இரத்த வாந்தி, தார்போலக் கறுத்த மலம், தாங்காத வயிற்றுவலி, நெஞ்சுவலி, காய்ச்சல், மூச்சுத்திணறல், தலைசுற்றல் இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்கக்கூடாது. உடனே ஓட வேண்டும்.

இன்ஷூரன்ஸ் விஷயமும் சொல்ல வேண்டும். 1986-இல் நம் நாட்டில் மெடிக்ளைம் வந்தபோது, பொதுவாக 24 மணி நேரம் படுத்தால்தான் பணம். பின்னர் ‘டே கேர்’ சிகிச்சை என்ற வகை சேர்ந்தது. அதற்கு 2013-இல் ஒழுங்காணையம் பொது விளக்கமும் தந்தது. ஆனால் வெளிநோயாளியாகச் செய்துகொள்ளும் பரிசோதனை அதில் வராது. எங்கள் கடைத்தெரு நண்பர் ஒருவர், “பணத்துக்காக ஒரு ராத்திரி படுத்துடறேனே” என்றார். நோய்க்காகத் தங்குவது வேறு, பாலிசிக்காகத் தங்குவது வேறு. சிகிச்சைக்கு முன்பே எழுத்துமூலம் கேட்டுக்கொள்வது நல்லது என்று சொல்லி அனுப்பினேன்.

ஊரில் என்றால் அக்காள், மச்சான், பக்கத்து வீடு என்று பத்துப் பேர் வந்து நிற்பார்கள். இந்த மும்பையில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் தனியே இருக்கும் நம் முதியவர்களுக்கு, பிள்ளை வெளிநாட்டில்; பேசத் தொலைபேசிதான். “கூட யார் வந்திருக்காங்க?” என்று செவிலியர் கேட்டால் வாய் அடைத்துப்போகிறது. துணையில்லாத காரணத்தாலேயே சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்களையும் கண்டிருக்கிறேன்.

மருந்து வாங்கிக் கொடுப்பதும் சோறு போடுவதும் தானம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு ராத்திரி கண்விழித்து உட்கார்ந்திருப்பதும் தானந்தான். அழைத்துப்போய் அழைத்துவந்து, அன்றிரவு கூடத் தங்கச் சம்மதிக்கும் அன்பர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றை நம் சங்கம் பேட்டைவாரியாக வைத்துக்கொள்ளலாகாதா? பட்டியலில் முதல் பெயராக அடியேன் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.