அடி வாங்குகிறவனின் நியாயம்: 'கரகாட்டக்காரன்' நகைச்சுவையும் பார்வையாளர் தீர்ப்பும்

தமிழ் சினிமா பற்றி எழுதுகிறவர்கள் 'மட்டரகமான நகைச்சுவை' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவது வழக்கம். அது யாருடைய தீர்ப்பு, எந்தக் கோர்ட்டில் யாரை விசாரித்துச் சொன்னது என்று யாரும் கேட்பதில்லை. ஒருவன் இன்னொருவனை ஓங்கி அறைகிறான், கொட்டகை சிரிக்கிறது. அந்தச் சிரிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. அதைப் பற்றிய அபிப்பிராயங்களுக்குத் தனியாக இன்னொரு வரலாறு உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அபிப்பிராயங்களின் வரலாற்றை முதலில் பார்க்கலாம். 1927இல் பிரிட்டிஷ் அரசு சினிமா விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. தலைவர், சென்னை வக்கீல் டி. ரங்காச்சாரியார். 4,325 கேள்வித்தாள்கள் அனுப்பப்பட்டன, 353 பேர் நேரில் சாட்சி சொன்னார்கள். 1928இல் அறிக்கை வந்தது. இந்தியப் பார்வையாளர்கள் பற்றி நமக்குக் கிடைக்கும் ஆரம்பகாலப் பெரிய ஆவணம் இதுதான். ஆனால் சாட்சிக் கூண்டில் நின்றவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள், படத் தொழில்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், கல்விக்காரர்கள், பொதுவாழ்வுப் பெரியவர்கள். காந்தி, தான் சினிமாவுக்கே போனதில்லை, ஆனாலும் அதன் தீமை தெளிவாகத் தெரிகிறது என்று எழுதி அனுப்பினார். தரை டிக்கெட்காரனுக்கு எது பிடிக்கும், எது அவனைக் கெடுக்கும் என்று மற்றவர்கள் பேசினார்கள். அவன் பேசவில்லை. நம் திரை விமர்சனம் பிறந்ததே இந்த அமைப்புக்குள்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

அடுத்த கட்டம் என்.எஸ். கிருஷ்ணன். 'நல்லதம்பி'யில் (1949) அவர் செய்த கிந்தனார் காலட்சேபம், நந்தன் கதையைத் திருப்பிப்போட்டுப் படிப்பைத் தேடிப்போகும் சேரிப் பையனின் கதையாக்கியது. பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் 'சிரிக்கவும் சிந்திக்கவும்' என்ற அளவுகோலை அவர் பெயரில் செய்துவைத்துக்கொண்டு, பின்னால் வந்தவர்களையெல்லாம் அதனாலேயே அடித்தார்கள். சிரிப்பு ஏதாவது பாடம் சொல்லித்தந்தால்தான் அதற்கு மரியாதை. சும்மா சிரித்தால் குற்றம்.

இந்தப் பின்னணியில் 'கரகாட்டக்காரன்' (1989) படத்துக்கு வருவோம். கங்கை அமரன் இயக்கம், இளையராஜா இசை, ராமராஜன், கனகா. மதுரையில் ஒரு வருஷத்தைத் தாண்டி ஓடிய படம். அதன் நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் நாடக மேடையிலிருந்து வந்த ஏ. வீரப்பன். அதே மேடையிலிருந்துதான் கவுண்டமணியும் வந்தார். படத்தில் அவர் தவில்காரர், செந்தில் நாதஸ்வரக்காரர். ஆட்டக்காரக் குழுவில் ஆட்டக்காரனுக்கும் கீழே இருப்பவர்கள்.

வாழைப்பழக் காட்சி எல்லோருக்கும் தெரியும். இரண்டு பழம் வாங்கிவரக் காசு கொடுத்தால் செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வந்து நிற்கிறார். இன்னொன்று எங்கே என்று கேட்டால், கையிலிருப்பதுதான் அந்த இன்னொன்று என்கிறார். கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் அதே பதில். தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. அப்புறம் அடி விழுகிறது. அடிப்பவன் யார்? வாதத்தில் தோற்றவன். 'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்தில் சைக்கிள் கடை அழகுராஜாவும் இப்படித்தான். எல்லாம் தெரிந்தவன் என்று ஊரில் பெயர் வாங்கி வைத்திருப்பவன். பெட்ரோமாக்ஸ் மேண்டிலைப் பற்றிச் செந்தில் கேட்கும் அசட்டுக் கேள்வியில் மேண்டிலோடு சேர்ந்து அவன் மேதாவித்தனமும் உதிர்கிறது. உடனே கை நீளுகிறது.

பண்ணையிலும் பட்டறையிலும் கிளாஸ் ரூமிலும் அடி வாங்கிய சனங்களுக்கு இது புதுசா என்ன? பதில் இல்லாதவன்தான் கை ஓங்குவான் என்பது அவர்களுடைய அனுபவ அறிவு. திரையில் அடி விழும்போது அவர்கள் சிரிப்பது வலியைப் பார்த்து அல்ல, அதிகாரம் பதில் தெரியாமல் முழிப்பதைப் பார்த்துத்தான். 'ஸ்லாப்ஸ்டிக்' என்ற சொல்லே இத்தாலியக் கோமாளி கையில் வைத்திருந்த இரட்டைப் பட்டைக் கட்டையிலிருந்து வந்தது. சத்தம் பலமாகக் கேட்கும், அடி வலிக்காது. நம் கூத்தின் கட்டியங்காரனும் ஸ்பெஷல் நாடகத்துப் பபூனும் இந்தச் சத்தத்தின் சொந்தக்காரர்கள்தான். ராஜா வேஷத்தை நெருங்கி நின்று கேலி பேசும் உரிமை கட்டியங்காரனுக்கு உண்டு.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் இடங்களில் ஒன்றாக எள்ளலைச் சொல்கிறது. அதற்கு உரை எழுதிய பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார்: பிறரை எள்ளித் தான் சிரிப்பது, பிறரால் எள்ளப்பட்டுத் தான் சிரிப்பது. இந்த இரண்டாவது சிரிப்பை நம் சினிமா விமர்சனம் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

இதோடு நிறுத்தினால் சௌகரியமாக இருக்கும். பக்தினைத் துணைக்கு அழைத்து, எல்லாம் களியாட்டம், எல்லாம் கலகம் என்று கையெழுத்துப் போட்டுவிடலாம். அப்படிப் போட முடியாது. அதே படத்தில்தான் சொப்பன சுந்தரியின் கார் வருகிறது. கார் இப்போது நம்மிடம் இருக்கிறது, அவளை இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்கிறார் செந்தில். காரையும் பெண்ணையும் ஒரே வினைச்சொல்லில் கட்டும் ஜோக் இது. இங்கேயும் அடி விழுகிறது, ஆனால் அவளை அப்படிப் பேசியதற்காக அல்ல, அந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டதற்காக. அவள் திரைக்கே வராதவள், அவளுக்குப் பதில் சொல்ல வாய் கிடையாது. கறுப்பையும் குண்டையும் வழுக்கையையும் மிருகப் பெயர் சொல்லித் திட்டும் வசைகளும் இந்த வகைதான். அங்கே வாதமே இல்லை, அதனால் தோற்கிறவனும் இல்லை. உடம்பு ஒன்றுதான் குற்றம். கறுப்பு உடம்பு எந்தச் சனங்களின் உடம்பு என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? தன் நிறத்தைத் திட்டுவதைக் கேட்டுத் தானே விசிலடிக்கும் பார்வையாளனிடம் பேராசிரியர் சொன்ன இரண்டாவது சிரிப்பு இருக்கிறதா, இல்லை தன்னை அடிப்பவன் கண்ணால் தன்னைப் பார்க்கும் பழக்கம்தான் இருக்கிறதா? ஒரே கொட்டகையில் இரண்டும் இருக்கும்.

ஆகவே 'மட்டரகம்' என்ற சொல் இரண்டு பக்கமும் தவறுகிறது. வாழைப்பழத்தையும் சொப்பன சுந்தரியையும் ஒரே தட்டில் வைத்துத் தள்ளிவிடுகிறது. 'மக்கள் ரசிக்கிறார்கள்' என்ற எதிர்வாதமும் ஒரே தட்டில் வைத்துத்தான் கும்பிடுகிறது. கேட்க வேண்டியது வேறு: அடி எங்கிருந்து எங்கே போகிறது? அடி வாங்கியவனுக்குப் பதில் சொல்ல வாய் கொடுத்திருக்கிறார்களா?

பார்வையாளரின் தீர்ப்புக்குச் சாட்சி வேண்டுமென்றால் விசாரணைக் குழு தேவையில்லை. டீக்கடைகளில் ஓடிய காமெடி கேசட்டுகள், பிறகு டிவி, இப்போது செல்போன் என்று இந்தக் காட்சிகள் கை மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. இன்றும் கூட்டத்தில் ஒருவர் கணக்குக் கேட்டு, இன்னொருவர் சுற்றிச் சுற்றி ஒரே பதிலைச் சொன்னால், 'வாழைப்பழக் கதையா இருக்கே' என்று யாராவது சொல்கிறார்கள். மழுப்புகிற அதிகாரத்துக்குச் சனங்கள் வைத்த பெயர் அது. சொப்பன சுந்தரி பெயரும் புழக்கத்தில் இருக்கிறது, பெண்களைக் கேலி பேசுவதற்கு. இரண்டையும் சேர்த்துப் படிக்காத விமர்சனம் ரங்காச்சாரியார் குழுவின் சாட்சிக் கூண்டிலிருந்து இன்னும் இறங்கவில்லை என்றுதான் அர்த்தம்.