இணைச்சீரும் உடன்பிறந்தாள் உரிமையும்

சேர்வராயன் மலையடிவாரம் தொடங்கி, ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு எனக் காவிரிக்கரை வரையில் விரிந்து கிடக்கும் சமவெளியில், கொங்கு வேளாளர் குடும்பங்களின் விவாகச் சம்பிரதாயங்களை ஆராயப் புகுவோர் முதலில் நின்று நோக்க வேண்டியது தாலி கட்டும் முகூர்த்தத்தை அன்று; அதற்கு முன்னர் நடைபெறும் இணைச்சீரையே ஆகும். மணமகனும் அவனுடைய சகோதரியும் கூறைப்புடவையால் இணைக்கப்பெறும் அச்சீர், மனைவி என்னும் புதிய உறவு வீட்டினுள் அடியெடுத்து வைக்குமுன், உடன்பிறந்தாளின் உறவு அறுபடவில்லை என்பதையும், நாளை அவள் மக்களுக்கும் அவன் மக்களுக்கும் கொள்வினை கொடுப்பினை உரிமை உண்டு என்பதையும் ஊரறியச் செய்வதாகும்.

இச்சீர்களை நடத்தி வைத்தோர் வேதம் ஓதும் புரோகிதர் அல்லர், சீர் செய்யும் தகுதிபெற்ற சமூகத்து மூத்தோராகிய அருமைக்காரரும் அருமைக்காரியுமே. கம்பர் பாடியதாக ஐதிகம் கூறும் மங்கல வாழ்த்தைச் சொல்பவர் குடிமகன் எனப்படும் நாவிதர். சீர் நடத்தும் தகுதியைத் தரும் எழுதிங்கள் சீர் செய்துகொண்ட மகப்பேறுடைய சுமங்கலிக்குச் சடங்குக் களத்தில் கிடைத்த அதிகாரம் மெய்யானது. ஆயினும் அதே நியதி விதவையையும் பிள்ளைப்பேறில்லாதவளையும் பந்தலுக்கு அப்பால் நிறுத்தியது என்பதை மறைத்து இச்சம்பிரதாயத்தைப் புகழ்வது ஆராய்ச்சியாளருக்கு அழகன்று. அண்டையூரான ஈரோட்டிலிருந்து புறப்பட்ட பெரியாரின் சுயமரியாதைத் திருமணம், புரோகிதரை விலக்கிய அளவில் இந்நிலத்துக்கு அந்நியமானதன்று. விதவையையும் மணமேடைக்கு அழைத்தமையே அதன் புதுமை. 1967இல் அண்ணா அமைச்சரவை நிறைவேற்றிய திருத்தச் சட்டம் அம்முறைக்குச் சட்ட அந்தஸ்து அளித்தது. அதற்கு முன்னரே, ராஜபுதனத்து அஜ்மீரைச் சேர்ந்த ஹர்பிலாஸ் சாரதா முயன்று கொணர்ந்த 1929ஆம் ஆண்டுச் சட்டம், பெண்ணின் மணவயதைக் குறைந்தது 14 என வரையறுத்து, பால்ய விவாகத்தின் வேரை இங்கும் அசைத்தது.

அத்தை மகன், மாமன் மகள் என்ற முறைமைக்குள் பெண் சென்றவரையில், பிள்ளை வீட்டார் பரிசம் கொடுத்துப் பெண் கொள்வது வழக்கமாயிருந்தது. கொடுத்த பெண் மீண்டும் உறவுக்குள்ளேயே வாழ்ந்தாள். 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் பாசனமும், பின்னர் வந்த கிணற்று மின்விசைப் பம்புகளும், லாரித் தொழிலும், கோழிப் பண்ணைகளும் பணத்தைப் பெருக்கவே, படித்த மாப்பிள்ளையையும் தொழிலுள்ள குடும்பத்தையும் முறைக்கு வெளியே தேடும் ஆசை வளர்ந்தது. அப்போதுதான் பரிசம் வெறும் தாம்பூலச் சடங்காகச் சுருங்கி, வரதட்சணை பவுனாகவும் ரொக்கமாகவும் வாகனமாகவும் பெருகியது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் புத்தகத்தில் இருந்தது. நிச்சயதார்த்தப் பேச்சிலோ அதன் நிழல்கூட விழவில்லை.

இம்மாறுதலின் மிகக் கொடிய விளைவு பிறந்த பெண் சிசுவின் தலையில் விடிந்தது. ஒரு சாதிக்கு மட்டும் உரியதாகப் பெண் சிசுக்கொலையைச் சுருக்கலாகாது. இச்சமவெளியின் பல சமூகங்களிலும் அது பரவியிருந்தது. 1992இல் தமிழக அரசு, பெற்றோர் வேண்டாமென விடும் பெண் குழந்தைகளை ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்திலே தொடங்கியதே, நோய் எங்கே முற்றியிருந்தது என்பதற்குப் போதிய சான்று. பெண் வேண்டாமென்று தள்ளிய வீடுகளின் பிள்ளைகள் வயதுக்கு வந்தபோது பெண் கிடைக்கவில்லை. தரகர்களின் துணையோடு பாலக்காடு வரை சென்று, சாதிப் பிடிவாதத்தையும் சற்றே தளர்த்தி, மணமகள் தேட நேர்ந்தது.

சொத்தின் நிலை இவற்றினும் நுண்ணியது. 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு கேட்ட சமபங்கை, 60 ஆண்டுகள் கழித்து, 1989 மார்ச் 25 முதல் தமிழகச் சட்டம் மகளுக்கும் பூர்விகச் சொத்தில் வழங்கியது. எனினும் அதற்கு முன் மணமான பெண்களை அது விலக்கியது. பங்கு பெற்ற பெண்களிலும் பலர், போட்ட நகையும் செய்த சீருமே தம் பாகம் என்று ஏற்று, பிறந்த வீட்டின் ஆதரவு அற்றுப்போகுமோ என்ற அச்சத்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிட்டு நிலத்தைச் சகோதரனுக்கே விட்டுக்கொடுக்கின்றனர். அச்சகோதரனின் விவாகத்தில் இணைச்சீர் செய்தவளும் பெரும்பாலும் அவளே.