எல்லையோர வெட்டுகத்தி: ஒரு கடைக்காரனின் வரலாற்றுக் குறிப்பு

காரக்கோணத்தில் என் இரும்புச் சாமான் கடைக்கு இரண்டு மாநிலத்தாரும் வருகிறார்கள். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு போயிற்று. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனாலும் தமிழ் பேசுகிறவரும் மலையாளம் பேசுகிறவரும் வந்து கேட்பது ஒரே 'வெட்டுகத்தி'தான். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்தச் சொல் பழக ஒரு வருஷம் ஆயிற்று.

கத்தி விற்பது எங்கள் சமயத்துக்கு ஒவ்வாத தொழில். இல்லறத்தாருக்கு ஒழுக்கம் கூறும் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திரர், வாள், கோடரி முதலியவற்றைப் பிறருக்குக் கொடுப்பதை 'ஹிம்சாதானம்' என்று விலக்குகிறார். அந்தப் பட்டியலில் மண்வெட்டியும் உண்டு. ஆகவே "விவசாயத்துக்குத்தானே" என்று தப்பிக்க வழியில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமோ, வீட்டுக்கும் வயலுக்கும் மட்டும் என்று செய்த கருவியை ஆயுதக் கணக்கில் சேர்க்கவில்லை. "பூட்டு வில்லு, ஆணி வில்லு, கத்தி வேண்டாம்டா" என்றுதான் என் தகப்பனார் சொன்னார். நான் கேட்கவில்லை.

ஒருமுறை மொத்த வியாபாரி ஒருவர் அனுப்பிய பளபளப்பான கத்திகளை அப்படியே விற்றேன். மூன்றாம் நாள் ஒன்று பிடியிலிருந்து கழன்று பறந்து, தேங்காய் வெட்டிக்கொண்டிருந்தவர் முழங்காலைக் கிழித்துவிட்டது. அன்றிலிருந்துதான் இரும்பைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

தமிழ்நாட்டில் இரும்பின் வயது நாம் பள்ளியில் படித்ததைவிட மிகப் பழையது. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் தோண்டியபோதே இரும்பு ஆயுதங்கள் கிடைத்தன. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை இரும்புக்கு கி.மு. 2172 என்று 2022-ல் தமிழக அரசு அறிவித்தது. 2025-ல் வெளியான அறிக்கை சிவகளைக்கு கி.மு. 3345 வரை போகிறது.

கத்திக்கு வேண்டியது வெறும் இரும்பல்ல, உருக்கு. இரும்பை விறகுத் துண்டு, இலை இவற்றோடு மண் குகையில் அடைத்து உருக்கினால் கரி ஏறிய எஃகு கிடைக்கும். தென்னாட்டில் செய்த இதை ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்றார்கள். 1795-ல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைப்பற்றிக் கட்டுரை வாசித்தார். அங்கே கத்தியும் அறுவைக் கருவியும் செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் நம் ஊட்ஸை விரும்பி வாங்கினார். பிறகு மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்தார். இன்று 'டமாஸ்கஸ்' என்று விலை ஏற்றி விற்பதில் பெரும்பாலானவை இரண்டு வகை எஃகை அடுக்கி அடித்து ஒட்டியவை. சேகரிக்கும் ஆசை உள்ள பிள்ளைகள் இதை விசாரித்து வாங்க வேண்டும். ஊட்ஸில் வரி உருவாவது குகையில் மெல்ல ஆறும்போது. அதை அடித்து ஒட்ட முடியாது.

நம்மூர்க் கொல்லர்கள் பழைய லாரி பிளேட்டை அடித்துத்தான் வெட்டுகத்தி செய்கிறார்கள். அதைக் குறைவாக நினைக்காதீர்கள், வளைந்து நிமிரப் பிறந்த எஃகு அது. பார்க்க வேண்டியது துவையல், அதாவது பழுக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்குவது. துவைத்ததைத் திரும்ப மிதமாகச் சூடு காட்டாவிட்டால் வாய் கண்ணாடி மாதிரி தெறிக்கும். அதிகம் காட்டினால் மழுங்கும். நான் அரத்தால் தேய்த்துப் பார்ப்பேன்: வாயில் வழுக்கணும், முதுகில் கடிக்கணும். தொங்கவிட்டுச் சுண்டினால் 'ணங்' என்று கேட்கணும். செத்த சத்தம் வந்தால் எங்கோ விரிசல். பிடிக்குள் போகிற கம்பி மறுமுனை வரை போய் மடங்கியிருக்கணும். துருப்பிடிக்காத எஃகு பழம் நறுக்க நல்லதுதான். தோட்டத்துக்கும் காட்டுக்கும் கல்லில் சுலபமாகத் தீட்ட வருகிற கரி எஃகுதான் சௌகரியம்.

ரப்பர் பால்வெட்டும் கத்தி தனி ஜாதி. பட்டையைச் சீவ வேண்டும், உள்ளே தடியை ஒட்டிய இளந்தோலைத் தொடக் கூடாது. தொட்டால் அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், மறுபடி வெட்ட முடியாது. அதைத் தேர்ந்தெடுக்கும் வேலையை நான் வெட்டுகிறவர் கையிலேயே விட்டுவிடுவேன். பத்துக் கத்தியை எடுத்துப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்வார்.

கசாப்புக் கத்தி மட்டும் என் கடையில் கிடையாது. யாராவது கேட்டால் பாறசாலைப் பக்கம் போகச் சொல்லுவேன். வழி சொல்வது எந்தத் தானத்தில் சேரும் என்று என் வீட்டுக்காரி கேட்கிறாள்.