அழிய மறுக்கும் கோப்புகள் - ஒரு குட்டி வரலாறு

டெலிட் விசையை அழுத்தினால், இந்தக் கோப்பை வேறொரு நபரோ நிரலோ பயன்படுத்துவதால் அழிக்க முடியாது என்று விண்டோஸ் எக்ஸ்பி கைவிரிக்கும். திறந்திருந்த எல்லாவற்றையும் மூடிவிட்டு வந்தாலும் அதே பதில்தான். வீட்டில் இருப்பதோ ஒரே கணினி, அதன் முன்னால் ஒரே ஆள். யாரப்பா அந்த வேறொரு நபர்?

அவரைத் தேடி 1984க்குப் போக வேண்டும். 1981ல் வந்த எம்எஸ்-டாஸ் ஒரு நேரத்தில் ஒரு நிரலை ஓட்டுவதற்காகவே செய்யப்பட்டது. கோப்புக்காகச் சண்டையே வராது. பிறகு அலுவலகக் கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் காலம் வந்தது. ஒரே பேரேட்டை இரண்டு கணக்கர்கள் இரண்டு மேசையிலிருந்து திறந்து, ஒருவர் எழுதியதன் மேல் மற்றவர் எழுதிவிட்டால்? அன்றைய வரவு அம்பேல்! அதனால் 1984ல் வெளியான டாஸ் 3.0ல் 'ஷேர்' என்ற சிறு நிரல் சேர்ந்தது. கோப்பைத் திறக்கும் நிரல், தான் முடிக்கும்வரை மற்றவர்கள் படிக்கலாமா, எழுதலாமா என்று முன்பே சொல்லிவிடலாம். விண்டோஸ் என்டி குடும்பத்தில் 'அழிக்கலாமா' என்பதும் சேர்ந்தது. வெளிப்படையாக அனுமதி தராவிட்டால் 'கூடாது' என்றே பொருள். பல நிரல்கள் தருவதில்லை.

1969ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யுனிக்ஸின் வழியே வேறு. அங்கே பெயர் வேறு, கோப்பு வேறு. அழித்தால் பெயர் உடனே போய்விடும்; திறந்து வைத்திருக்கும் நிரல் மூடும்வரை உள்ளடக்கம் வட்டில் இருக்கும். பெரிய லாக் கோப்பை அழித்த பிறகும் வட்டில் இடம் கூடவில்லையே என்று சர்வர் நிர்வாகிகள் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

விண்டோஸில் பூட்டைவிடப் பெரிய எரிச்சல், பூட்டியது யார் என்று சொல்லாததுதான். அந்தக் குறையில் பிழைத்ததுதான் 'அன்லாக்கர்' போன்ற இலவச மென்பொருள்கள். ஆனால் பூட்டை வலுக்கட்டாயமாக உடைத்தால், கோப்பு பறிபோனதே தெரியாமல் அந்த நிரல் எழுதிக்கொண்டே போகும். சில சமயம் அந்த எழுத்து சம்பந்தமில்லாத வேறு கோப்பில் போய் விழலாம். ரீஸ்டார்ட் செய்துவிட்டு அழிப்பதுதான் அலுப்பானாலும் ஆபத்தில்லாத வழி.

2009ன் விண்டோஸ் 7 சில நேரம் நிரலின் பெயரைச் சொல்லும், சில நேரம் 'வேறொரு நிரல்' என்று மழுப்பும். கடைசியில் 2022ல் மைக்ரோசாஃப்டே தன் பவர்டாய்ஸ் தொகுப்பில் 'ஃபைல் லாக்ஸ்மித்' என்ற கருவியைச் சேர்த்தது. கோப்பின் மேல் வலது கிளிக் செய்தால் அதைப் பிடித்து வைத்திருக்கும் நிரல்களின் பெயர்களைக் காட்டும். டாஸ் 3.0 வந்து 38 ஆண்டுகள் கழித்து!