மழைக்கு முன்னாடி வர்ற காத்து

ஆரணி பக்கத்துல சேத்துப்பட்டுன்னு ஒரு ஊர் இருக்கு. சென்னை சேத்துப்பட்டு ஸ்டேஷன் இல்ல, இது வேற. பட்டு நெசவு நடக்கிற இந்தப் பக்கத்து ஊர்கள்ல, பாவைத் தெருவுல நீளமா இழுத்துக் கட்டி கஞ்சி தெளிச்சு காய வைப்பாங்க. ஆயிரக்கணக்கான இழைகள். மழையாவது மேகம் கறுத்தா முன்கூட்டியே தெரிஞ்சிடும். ஆனா வெயில் அடிக்கும்போதே மண்ணை வாரிக்கிட்டு ஒரு குளிர்ந்த காத்து வருமே, அது சொல்லிட்டு வராது. அந்தக் காத்தை மனுஷங்க எப்படிப் 'பார்க்க' கத்துக்கிட்டாங்க? அதுதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல அது என்னன்னு பார்த்துடுவோம். மழைத்துளி விழும்போது வழியிலேயே கொஞ்சம் ஆவியாகுது. அதுக்கான வெப்பத்தைச் சுத்தியிருக்கிற காத்துல இருந்து எடுத்துக்குது. குளிர்ந்த காத்து கனமாகிக் கீழே விழுது. குடத்துத் தண்ணியை முற்றத்துல கவுத்த மாதிரி, தரையில மோதி நாலா பக்கமும் பரவுது. அந்தப் பரவலோட முன்விளிம்புதான் நம்ம தெருவுக்கு வருது. மழை அப்போ பல கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம்.

19-ம் நூற்றாண்டுலயே இதோட தடம் காகிதத்துல பதிவாச்சு. சுத்துற உருளை மேல பேனா வச்சுக் காற்றழுத்தத்தை எழுதுற கருவி, நம்ம லாக் ஃபைல் மாதிரி. இடிமழை வரும்போது கோடு திடீர்னு மேல குதிக்கும். ஜெர்மன்காரங்க அதுக்கு 'இடிமழை மூக்கு'ன்னு பேர் வச்சாங்க. செம பேர் இல்ல?

அடுத்தவர் ஃபுஜிட்டா. 1945 ஆகஸ்ட் 9 அன்னைக்கு அணுகுண்டுக்கு முதல் குறி ஜப்பானோட கொக்குரா. அந்தப் பக்கத்துல ஒரு கல்லூரியிலதான் அவர் வாத்தியார். கொக்குரா சரியா கண்ணுக்குத் தெரியாததால விமானம் நாகசாகிக்குப் போச்சு. பிறகு நாகசாகிக்குச் சேதத்தை ஆராயப் போனவர், ஒரு மையத்துல இருந்து நட்சத்திரம் மாதிரி வெளிப்பக்கமா சாய்ஞ்சு கிடந்த மரங்களைப் பார்த்தார். 1974-ல அமெரிக்காவுல ஒரு புயலுக்கு அப்புறம் வானத்துல இருந்து பார்த்தா, அதே நட்சத்திரம். 1975 ஜூன் 24-ம் தேதி நியூயார்க்ல இடிமழையில இறங்கின விமானம் நொறுங்கி நூறு பேருக்கு மேல இறந்தாங்க. கீழ்நோக்கிப் பாயுற காத்துதான் காரணம்னு ஃபுஜிட்டா சொன்னார். துறைக்குள்ளேயே பலர் நம்பல. 1978-ல சிகாகோ பக்கத்துல டாப்ளர் ரேடாரை வச்சுப் பிடிச்சுக் காட்டினார்.

இது அமெரிக்கா கதைன்னு நினைக்காதீங்க. 2018 மே 2 ராத்திரி ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்துல அடிச்ச புழுதிப் புயல்ல நூறு பேருக்கு மேல போயிட்டாங்க. நிறைய பேர் தூக்கத்துல, சுவர் இடிஞ்சு விழுந்து.

இடிமேகம் கீழே காத்தை அனுப்புற மாதிரி மேலே அலையை அனுப்புது. நம்ம ஊர்ப் பக்கம் சுமார் 16, 17 கிலோமீட்டர் உயரத்துல ஒரு கூரை மாதிரி அடுக்கு இருக்கு. மேகம் அதை முட்டினா, குளத்துல கல் போட்ட மாதிரி காத்து மேலும் கீழும் ஆடும். (லைகோ பிடிச்ச ஈர்ப்பலை வேற, குழப்பிக்காதீங்க.) இதைப் பார்க்கிற ரேடார் சேத்துப்பட்டுல இருந்து நூத்திச் சொச்சம் கிலோமீட்டர் வடக்கே, திருப்பதி பக்கம் காதங்கியில இருக்கு. 1,024 ஆன்டெனா, 53 மெகாஹெர்ட்ஸ். மழையே வேண்டாம், வெறும் காத்தோட கொந்தளிப்பே அதுக்கு எதிரொலி கொடுக்கும். தலைக்கு மேல போற இடிமேகம் கிளப்புற அலைகளை 1990-கள்ல இருந்தே அங்க அளக்கிறாங்க.

சரி, தெருவுக்கு வர்ற காத்து? 2002-ல சென்னைத் துறைமுகத்துல டாப்ளர் ரேடார் வந்துச்சு. பக்கத்துல வர்ற காத்தோட முன்விளிம்பு, அது வாரிட்டு வர்ற பூச்சியும் தூசியும் சேர்ந்து, திரையில மெல்லிய கோடாத் தெரியும். ஆனா சேத்துப்பட்டு 120 கிலோமீட்டர் தள்ளி. பூமி வளைவாலயே ரேடார் கதிர் அங்க கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்துக்குப் போயிடும், கோணமும் சேர்ந்தா இன்னும் மேல. குளிர்காத்தோ பெரும்பாலும் தரையை ஒட்டி ஒரு கிலோமீட்டருக்குள்ளதான் ஓடும். கதிருக்கு அடியிலேயே நுழைஞ்சு வந்துடும். அதனால ஜவ்வாது மலைப் பக்கம் இடி முழங்கினா, பாவைச் சுருட்டலாமா வேண்டாமான்னு இன்னைக்கும் தெருவுல நிக்கிறவங்கதான் முடிவு பண்ணணும்.